உப்புக்கு வந்த குதிரை

ஆளைக் கொன்ற குதிரையைக் காசுக்கு விற்க மாட்டார்கள். உப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். குதிரை வண்டிப் பந்தயம் விடுகிற அந்த வட்டாரத்தில் இது எழுதாத சட்டம். ரத்தம் பார்த்த குதிரை அடுத்துத் தன் சொந்தக்காரனைத்தான் பார்க்கும் என்று ஒரு பயம். காசு வாங்கினால் சாவுக்கே விலை பேசின மாதிரி ஆகிவிடுமாம். அதனால் யார் முதலில் வந்து வாசலில் ஒரு மூட்டை உப்பை இறக்குகிறாரோ, அவர் கையில் கயிற்றைக் கொடுத்தே தீரவேண்டும். மாட்டேன் என்று சொல்லக்கூடாது. எந்தப் புண்ணியவான் இதை ஏற்படுத்தினானோ தெரியாது. செத்தவன் பெண்டாட்டியே உப்போடு வந்து நிற்பாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

செண்பகவல்லி வந்து நின்றாள். புருஷனுக்குக் காரியம் முடிந்த மறுநாளே வந்தாள். குளத்தூர் உப்பளத்தில் வேலை பார்க்கிற தம்பி மாரிராஜ் மூட்டையைத் தோளில் சுமந்துவந்து, கிருஷ்ணராஜ் வீட்டு வாசலில் தொப்பென்று போட்டான்.

கிருஷ்ணராஜுக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊரில் மிளகாய் வத்தல் மண்டி. அந்தப் பக்கத்துப் பந்தயத்தில் வருஷா வருஷம் அவர் குதிரைதான் முதல். அதட்டிப் பேசமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவார், காரியம் நடந்துவிடும். அன்றைக்கு உப்பு மூட்டையைப் பார்த்ததும் துடைக்கிற துண்டு பாதி முகத்திலேயே நின்றுவிட்டது.

"உனக்கு எதுக்கும்மா அது?" என்றார்.

"உப்பு கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. குதிரையக் குடுங்க."

"வெட்டப் போறியோ?"

"அது என் இஷ்டம்லா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பாவம், வயிற்றெரிச்சல்காரி, குதிரையை வெட்டித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். "வெட்டுனா வெட்டிக்கோ. பாவம் எனக்கில்ல" என்று சொல்லிவிட்டுக் கொட்டடிப் பக்கம் கையைக் காட்டினார்.

செவலைக் குதிரை. மினுமினுவென்று திமிர் பிடித்த உடம்பு. மினி லாரியில் ஏற மாட்டேன் என்று அது பின்னங்காலால் உதைத்த உதையில் பலகை ஒன்று பிளந்தது. மாரிராஜ் கயிற்றோடு இழுபட்டுக் கீழே விழுந்தான். அப்போது உள்ளேயிருந்து கிருஷ்ணராஜ் மனைவி கோமதியம்மாள் ஓடிவந்து, "ஆகு! ஆகு!" என்று ஒரு சத்தம் போட்டாள். குதிரை கல்லாய் நின்றது. அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. நில் என்று அர்த்தம்.

"குட்டியா வந்ததுலேருந்து நான் தீனி போட்டு வளத்தது. இந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும். நீ வச்சுக்கோ, உனக்கும் ஒண்ணு ஆயிரக்கூடாதுல்லா" என்றாள். கண் கலங்கியிருந்தது. அது குதிரைக்காகவா தனக்காகவா என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அந்த ஒருத்தி மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

செத்த சோலைராஜ் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லவேண்டும். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தான். நல்ல உழைப்பாளி, ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. குதிரைப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எத்தனையோ வருஷம் மோட்டார் சைக்கிளில் பந்தயத்துக்குப் பின்னாலேயே ஓடிப் புழுதி தின்றவன், ஒருநாள் வெள்ளைக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "இனிமே நானும் குதிரைக்காரன்டி" என்று வாசலில் நின்று சிரித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஆரத்தி எடுத்தாள்.

வெயிலுகந்தம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தயம். அதற்கு முந்தின வாரம் கிருஷ்ணராஜின் வண்டியோட்டி கிட்டு வந்து சொல்லிவிட்டுப் போனான்: புதுக் குதிரைக்காரர் முதல் வருஷம் எங்கள் அண்ணாச்சி குதிரைக்குப் பின்னால் வரட்டும், அதுதான் மரியாதை. சோலைராஜ் டீக்கடையில் நாலு பேர் நடுவே வைத்தே பதில் சொன்னான். "மரியாதையெல்லாம் எனக்குத் தெரியும்டே. குதிரைக்குத் தெரியாதே! அதுக்கு ஓடத்தான தெரியும்." டீக்கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு மண்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பந்தயத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. வண்டிகள் ஓடைப் பாலம் வரை போய்த் திரும்பவேண்டும். திரும்புகிற இடத்தில் ஒரு ஆள் கொடியோடு நிற்பார். முதலில் வருகிற வண்டியோட்டி அதைப் பறித்துக்கொண்டு திரும்புவான். முதல் பரிசைவிட அந்தக் கொடிக்குத்தான் மவுசு. அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியது அந்த வருஷம் புதிதாகக் குதிரை கட்டினவர். பாய்ந்து வருகிற குதிரைக்கு முன்னால் நின்று பழகட்டும் என்று வைத்தார்களாம்.

சோலைராஜ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கொடியோடு நின்றான். செவலையை ஓட்டிவந்தவன் கிட்டு. பாலத்துக்கிட்டே வந்ததும் செவலை திடீரென்று வலது பக்கம் பாய்ந்தது. குளம்பு நெஞ்சில் விழுந்தது. சக்கரம் கழுத்தில் ஏறி இறங்கியது. கொடிக் கம்பை அவன் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. 'குதிரை மிரண்டதால் விபத்து' என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். கிருஷ்ணராஜ் பெரிய ரோஜா மாலையோடு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "விதி" என்றார்.

செவலையை வீட்டுக் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தில் கட்டினாள் செண்பகவல்லி. தம்பியைப் புல் வாங்க அனுப்பினாள். அவன் தலை மறைந்ததும் அடுப்படிக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். நட்ட நடு மதியம். அதன் குளம்பைப் பார்த்தாள். இந்தக் குளம்புதான் என்று நினைத்ததுமே உடம்பெல்லாம் எரிந்தது. "சவத்து மூதி, அவருகிட்ட ஒனக்கு என்னட்டி பகை?" என்று கேட்டாள். வாயில்லாத அது என்ன சொல்லும். தலையைத் தாழ்த்தி அவள் சேலையை முகர்ந்தது.

வலது பக்கம் நின்றுகொண்டு, இடது கையை அதன் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கிப் பிடித்தாள். அரிவாளை ஓங்கினாள். விரல்கள் அந்தப்புறம் பிடரி மயிருக்கு அடியில் எங்கேயோ அழுந்தின. அவ்வளவுதான். செவலை ஒரு அலறல் அலறி அவள் மேலேயே பாய்ந்தது. காம்பவுண்டுச் சுவரோடு வைத்து நசுக்கியது. தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம் அவள் காதிலேயே கேட்டது. அரிவாள் எங்கேயோ போய் விழுந்தது. "ஆகு... ஆகு..." என்று மூச்சில்லாமல் முனகினாள். குதிரை விலகி, நடுங்கிக்கொண்டு நின்றது.

புல்லுக்கட்டோடு வந்த மாரிராஜ், அக்கா கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு உலக்கையைத் தூக்கினான். "ஏலே, அடிக்காத! அந்தப் பக்கம் கழுத்த விலக்கிப் பாருல" என்றாள் கீழே கிடந்தபடியே.

பிடரியை ஒதுக்கிப் பார்த்தான். இடது பக்கக் கழுத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மயிரே இல்லை. புண் ஆறி, பொருக்குத் தட்டி, அதன் மேலேயே மறுபடியும் குத்தி, மறுபடியும் ஆறி, தோல் கருவாடாய் இறுகிக் கிடந்தது. எல்லாம் ஆணித் துளை. வண்டியோட்டிகள் வைத்திருக்கிற தார்க்குச்சியின் நுனியில் ஆணி அடித்துக் குத்தினால்தான் அப்படி வரும். வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது.

தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு, ஒரு ஈர்க்குச்சியை எடுத்து இடது பக்கமாக நின்று அந்த இடத்தில் மெல்லத் தொட்டாள். செவலை வலது பக்கம் பாய்ந்தது. அடங்கியதும் வலது கழுத்தில் தொட்டாள். சும்மா நின்றது. திரும்பவும் இடது. திரும்பவும் பாய்ச்சல். மிரண்டாவது, விதியாவது! மாசக்கணக்காகக் குத்திக் குத்திப் பழக்கியிருக்கிறார்கள். இன்ன இடத்தில் தொட்டால் இன்ன பக்கம் பாய் என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்து, கொடியோடு நின்ற மனுஷன் மேல் ஏவியிருக்கிறார்கள். பிறகு உப்புச் சட்டத்துக்குப் பயந்து, கொலைக்குச் சாட்சியான கழுத்தை அவள் கையிலேயே பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். முட்டாப் பயல்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஈர்க்குச்சியை முறித்துப் போட்டுவிட்டு, செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாரிராஜ் அரிவாளைச் சட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டு அத்தானுடைய மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். செண்பகவல்லி போய் முன்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி யக்கா. அந்தக் கிட்டு தலைய எடுத்துட்டு, அப்படியே மண்டிக்குப் போறேன்."

"போயிட்டு? நீ செயிலுக்குப் போவ. ஊருக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? குதிரை மிரண்டதுக்கு மனுசன வெட்டிட்டாம் பாருன்னு சொல்லுவான். அத்தானுக்கு நடந்தது கொலைன்னு ஊரு அறியணும்ல. அவிய வாயாலயே வரணும்."

"குதிரையா வந்து சாட்சி சொல்லும்?"

"சொல்லும். ஓட வைப்போம்."

இப்படித்தான் செண்பகவல்லி, வெள்ளைக் குதிரையை விற்றுவிட்டு, செவலையை வைத்துக் குதிரைக்காரி ஆனாள். மாமனார் ஏசினார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். புருஷனைக் கொன்ற குதிரைக்குக் கொள்ளு வைக்கிறாளே, இவள் பொம்பளைதானா என்று ஊர் பேசியது. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள். விடியக் கருக்கலில் மாரிராஜ் செவலையை வண்டியில் பூட்டிக் கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஓட்டினான். அவனுக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்று: என்ன ஆனாலும் இடது கழுத்துப் பக்கம் கை போகக்கூடாது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அந்தப் புண்ணில் அவளே தடவினாள். முதலில் இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. பிறகு, அவள் கை என்றால் மட்டும் சும்மா நின்றது. ஆனாலும் குளம்பைப் பார்க்கிற நேரமெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாசமும் வெறுப்பும் ஒரே உயிர் மேல் வரும் என்று அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது.

மறு வருஷக் கொடை வந்தது. கோயில் வாசலில் பந்தயக் கமிட்டி கூடியது. செண்பகவல்லி குதிரைக்குப் பேர் கொடுத்ததும் ஒரே கசமுசா. பொம்பளை பேரில் குதிரையா என்றார் ஒருவர். ஆளைக் கொன்ற குதிரை ஓடலாமா என்றார் இன்னொருவர். உப்புக்குக் கைமாறிவிட்டால் தோஷம் போய்விட்டது என்று வயசாளிகள் சொன்னதால் அது அடங்கியது. அப்புறம் கொடி பேச்சு வந்தது. அந்த வருஷம் புதுக் குதிரைக்காரி அவள் ஒருத்திதான். வழக்கப்படி கொடி அவள்தான் பிடிக்கவேண்டும்.

கிருஷ்ணராஜ் துண்டை எடுத்தார். "தாலியறுத்தவ கையில கொடியக் குடுத்தா அம்மனுக்கு அடுக்குமா? யோசிச்சுக்கிடுங்க" என்றார் மெதுவாக.

நாலு பேர் தலையை ஆட்டினார்கள். அவள் இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். ஆனாலும் அந்த வார்த்தை சுட்டது. அறுத்தவனே சொல்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. நான் பிடிக்கல. எனக்குப் பதிலா, குதிரையத் தந்த அண்ணாச்சியே பிடிக்கட்டும். அவிய கையிலேருந்து வந்ததுதான?"

கூட்டம் பூராவும் அவர் பக்கம் திரும்பியது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். செவலைக்கு முன்னால் நிற்கப் பயமா அண்ணாச்சி என்று எவனாவது ஒரு வாயாடி கேட்டுவிட்டால் அப்புறம் இருபது வருஷக் கெத்தும் போச்சு. கிட்டுவை ஒரு பார்வை பார்த்தார். கழுத்து ரகசியம் தெரிந்தவன் அவன் ஒருத்தன், அவன் ஓட்டப்போவது என் புதுக் குதிரையைத்தானே என்று கணக்குப் போட்டிருப்பார். "அதுக்கென்ன, நிக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாரிராஜ் கேட்டான். "யக்கா, பாலத்துக்கிட்ட போனதும் கழுத்துல ஒரு குத்து விடட்டுமா?"

"விட்டா உன் கைய முறிச்சிருவேன். அவன் அங்கன நிக்கணும், செவலை வாரதப் பாக்கணும். பயந்து கொடியப் போட்டுட்டு ஓடுவாம்லா, அத ஊரு பாக்கணும். அது போதும் எனக்கு."

அது போதும் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள்.

பந்தயத்தன்று வெயில் கொளுத்தியது. ஓடைப் பாலத்தில் ரோட்டின் வலது ஓரம், போன வருஷம் சோலைராஜ் நின்ற அதே இடத்தில், கிருஷ்ணராஜ் வெள்ளை வேட்டியும் கொடியுமாக நின்றார். எட்டினால் தொடுகிற தூரத்தில் கரை மேல் செண்பகவல்லி. பாலத்தின் அந்தக் கடைசியில், உடைமரத்து நிழலில் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் கோமதியம்மாள். புருஷன் கொடி பிடிக்கிறார் என்று அந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்திருந்தாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஜனம், கொட்டுச் சத்தம்.

புழுதி தெரிந்தது. அதற்குள்ளேயிருந்து இரண்டே வண்டிகள். செவலை முன்னால் வந்தது. அதன் இடது பக்கத்தில் கிட்டுவின் கருப்புக் குதிரை ஒட்டிக்கொண்டே வந்தது. சக்கரத்தோடு சக்கரம் உரசித் தீப்பொறி பறந்தது. கிட்டு தார்க்குச்சியை வீசி மாரிராஜை முதுகிலும் முகத்திலும் விளாசினான். மாரிராஜின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் லகானை விடவில்லை. கிட்டு அவன் வண்டிச் சக்கரத்தைக் காலால் எட்டி உதைத்தான். செவலை விலகவில்லை, ஒரு தலை முன்னாலேயே ஓடியது.

கிருஷ்ணராஜ் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் பாலத்துக் கைப்பிடிச் சுவர். ஓட இடமில்லை.

கொடி போகப்போகிறது என்று கிட்டுவுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பந்தயத்தில் எத்தனை குதிரையைக் குத்தி விலக்கிவிட்டவன்! செவலைக்குப் பழக்கினது அவன் கைதானே. முன்னால் புழுதி, நடுவில் மாரிராஜ் வண்டி. அந்தப் பக்கம் நிற்பது யார் என்று யோசிக்க நேரமில்லை. கை தானாகவே பழகின இடத்துக்குப் போனது. தார்க்குச்சி ஓங்கியது.

கிருஷ்ணராஜ் ஆயுசில் அதட்டிப் பேசாதவர். அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏலே கிட்டு, கழுத்துல குத்தாதல! இடது பக்கம் குத்தாதல! எம்மேல பாயும்ல!"

கொட்டுச் சத்தத்தையும் மீறி, பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

போதும். அவள் கேட்க நினைத்தது அவர் வாயாலேயே வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவள் வாய்க்குள் ஒரு சொல் இருந்தது. இரண்டே எழுத்து, உயிர் பிழைக்க வைக்கிற சொல். செவலை எத்தனை வேகத்தில் வந்தாலும் அந்தச் சொல்லுக்கு நிற்கும். எதிரே கருப்புக் குதிரையையும் செவலையையும் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். கொடிக் கம்பிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்த கையை நினைத்தாள்.

ஆணி இறங்கியது. செவலை அலறிக்கொண்டு வலது பக்கம் பாய்ந்தது. மாரிராஜ் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு ஓடை மணலில் விழுந்தான். கிருஷ்ணராஜ் சுவரோடு சாய்ந்தார், சரிந்தார். சக்கரம் இடுப்பில் ஏறியது.

"ஆகு!" என்றாள் செண்பகவல்லி.

செவலை நின்றது. சக்கரம் அவர் மேலேயே நின்றது.

அதற்கப்புறம் நடந்தது மனுஷர் செய்கிற காரியமில்லை. கிருஷ்ணராஜ் கத்தினதைக் கேட்ட ஜனத்துக்குப் போன வருஷம் நடந்தது அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. நாலு பேர் கிட்டுவை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். மண்டிக்காரர் ஆட்கள் கம்போடு வந்தார்கள். ஜனம் கம்பைப் பிடுங்கி அவர்களையே அடித்தது. எவனோ ஒருத்தன் செவலையின் மேல் கல்லை விட்டான். அது வாயில் நுரையோடு திமிறியது. செண்பகவல்லி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். அடுத்த கல், போன வருஷம் முறிந்த அவள் தோளிலேயே பட்டது. குனிந்து, கீழே கிடந்த கிட்டுவின் தார்க்குச்சியை எடுத்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கிட்டுவின் முடியைப் பிடித்துத் தூக்கி, இடது பக்கக் கழுத்தில் ஆணியை வைத்து அழுத்தினாள். ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

"இங்கனதான குத்துவ? எந்தப் பக்கம் பாயுதன்னு நானும் பாக்கேன்."

"அண்ணாச்சி சொல்லித்தான் செஞ்சேன் தாயி!" என்று அவன் கதறினான். "போன வருசமும் அவியதான் பழக்கச் சொன்னாவ. என்னைக் கொன்னுராத தாயி!"

இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பாள். ரத்த முகத்தோடு ஓடையிலிருந்து ஏறிவந்த மாரிராஜ்தான், "விடு யக்கா, போதும், எல்லாரும் கேட்டாச்சு" என்று அவள் கையைப் பிரித்தான்.

கிருஷ்ணராஜை ஜீப்பில் ஏற்றினார்கள். கோவில்பட்டி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. கிட்டுவைப் போலீஸ் கொண்டுபோனது. சோலைராஜ் செத்தது விபத்தில்லை, கொலை என்று இந்தத் தடவை எழுதினார்கள். மாமனார் வந்து மருமகள் காலடியில் உட்கார்ந்து அழுதார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஜெயித்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். ஆனால் சோற்றில் கை வைக்கிற போதெல்லாம் அந்தச் சக்கரம் ஏறுவது தெரிந்தது.

கிருஷ்ணராஜுக்குக் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கோமதியம்மாள் இறங்கினாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கூட வந்த ஆள் ஒரு மூட்டையை இறக்கி வைத்தான். மூட்டை வாயிலிருந்து கொஞ்சம் உப்பு படியில் சிந்தியது.

மாரிராஜ் முன்னால் பாய்ந்தான். "அதெல்லாம் தர முடியாது. உங்க வீட்டு ஆளு செஞ்ச கொலைக்கு..."

"நீ சும்மா இருல" என்றாள் செண்பகவல்லி.

 கோமதியம்மாள் பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அவர் செஞ்சது எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நானே உன் காலுல விழுந்திருப்பேன். அத விடு. நான் காருகிட்ட நின்னு ஆகு ஆகுன்னு கத்துனேன். தூரம், கேக்கல. நீ பக்கத்துல நின்னியே. நான்தான உனக்கு அந்தச் சொல்லச் சொல்லிக்குடுத்தேன்?"

"ஆமா."

"சொன்ன. ஆனா எப்பச் சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் வரவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் மறுக்கப்போவதில்லை. செண்பகவல்லிக்கு அந்த வெறும் நெற்றியைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"சக்கரம் ஏறுன பொறவு சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லல."

கோமதியம்மாள் தலையை அசைத்தாள். அவ்வளவுதான், அதைக் கேட்கத்தான் வந்தவள் போல. பிறகு இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை இழுத்து விட்டாள். உள்ளே அரிவாள் பிடி தெரிந்தது. பார்வை செவலை மேல் இருந்தது.

செண்பகவல்லி வேப்பமரத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். செவலை அவள் தோளில் மூக்கை உரசியது. உப்பு வந்துவிட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. கயிற்றைக் கோமதியம்மாள் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"யக்கா, என்ன வேணா செய்யுங்க. ஆனா இடது பக்கம் கழுத்துல மட்டும் கை வச்சிராதீங்க" என்றாள்.